வண்டி ஓடும்போது அம்மாவுக்குக் கை கிடையாது

தாம்பரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஆச்சி வீட்டுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர். பள்ளி விடுமுறை வரும் நேரத்தில் அவர் கரையில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. இருவரையும் பின்னால் உட்கார வைத்து, நானே ஓட்டி, மூன்று முறை போய்த் திரும்பியிருக்கிறேன்.

"தனியாகவா?" என்று கேட்கிறவர்கள் எல்லோருக்கும் நான் ஓட்டுவதைப் பற்றித்தான் கவலை. ஓட்டுவது பெரிய காரியமில்லை. நெல்லை வரை நான்குவழிச் சாலை. பக்கத்து இருக்கையில் ஆள் இல்லாததுதான் கஷ்டம். பாட்டிலைத் திறந்து கொடுக்க, விழுந்த பொம்மையை எடுக்க, பச்சையாக வெளுக்கிற முகத்தைப் பார்த்துப் பையை நீட்ட யாரும் இல்லை.

முதல் பயணத்தில் தொழுதூர் தாண்டியதும் மகனின் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது. வீறிட்டு அழுதான். கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டே இடது கையைப் பின்னால் விட்டுத் துழாவினேன். இரண்டு விநாடி, மிஞ்சினால் மூன்று. சக்கரத்துக்கு அடியில் கடகடவென்று சத்தம். வண்டி ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் சரளையில் ஏறியிருந்தது. சற்று முன்னால் பழுதாகி நின்ற லாரி ஒன்று. அதன் பின்புறத்தில் எச்சரிக்கைக்காகச் செருகியிருந்த வேப்பங்கிளை இன்றும் கண்ணில் நிற்கிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் போய்விடும். பாட்டிலைத் தேடிய நேரத்தில் நான் எவ்வளவு தூரம் போயிருந்தேன் என்று அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்துத் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வண்டியில் ஒரு சட்டம்: வண்டி ஓடும்போது அம்மாவுக்குக் கை கிடையாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, அலுவலகம் போகும் வழியில் பள்ளியில் விடும்போதெல்லாம், இதைச் சொல்லிப் பழக்குகிறேன். மகன் இப்போது எனக்கே சொல்கிறான். எது விழுந்தாலும் விழுந்ததுதான். அடுத்த நிறுத்தத்தில் எடுத்துக்கொள்ளலாம். அழுதால் அழட்டும். அழுகிற குழந்தைக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் போனால்தான் நான் ஓரம் கட்டுவேன்.

இந்தச் சட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் நம் கை செய்யும் வேலைகளை முன்னாலேயே ஒழுங்கு செய்திருக்க வேண்டும். இருக்கையிலிருந்து தொடங்குங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. அபராதத்தை விடுங்கள், தனியாக ஓட்டுகிறவருக்குக் குழந்தை இருக்கைதான் பக்கத்தில் இல்லாத அந்த ஆள். எழுந்து நிற்க விடாது, முன்னால் தாவ விடாது. மகனுக்கு ஐந்து புள்ளிப் பட்டை (இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே என ஐந்து இடத்தில் பிடிப்பது) உள்ள இருக்கை. மகளுக்கு உயரம் கூட்டும் பூஸ்டர். பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளில் படிய வேண்டும், கீழ்ப் பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும்.

யாரை எந்தப் பக்கம் என்பதில் எனக்குத் திட்டவட்டமான அபிப்பிராயம் உண்டு. சின்னவன் எப்போதும் இடது பக்கம். நாம் இடது ஓரத்தில் நிறுத்துகிறோம். இடது கதவைத் திறந்தால் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு முதுகு காட்டாமல் அவனைத் தூக்கலாம். கண்ணாடியில் முகமும் தெரியும். மகள் எனக்குப் பின்னால். அவளும் இடது பக்கமாக நகர்ந்து வந்துதான் இறங்க வேண்டும். வலது கதவு எங்களுக்குச் சுவர். இரண்டு பின் கதவுகளின் விளிம்பிலும் சின்ன நெம்புகோல் ஒன்று இருக்கும், குழந்தைப் பூட்டு. அதைப் போட்டபின் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுத்து, திறக்கவில்லை என்று நீங்களே சோதித்துப் பாருங்கள்.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் உள்ளே, சாவியும் உள்ளே, நாம் வெளியே, கதவு பூட்டிக்கொண்டது என்றால் வெயிலில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மாற்றுச் சாவியைச் சுருக்குப் பையில் போட்டு, அதைக் கழுத்தில் மாட்டிச் சுடிதாருக்குள் விட்டுக்கொள்கிறேன். வீட்டு அலமாரியில் கிடக்கும் மாற்றுச் சாவியால் விழுப்புரத்தில் பயன் இல்லை.

நேரம். அதிகாலை நான்கரைக்குக் கிளம்புங்கள். தூக்கத்திலேயே தூக்கி இருக்கையில் வைத்தால் பரனூர் சுங்கச்சாவடி, மதுராந்தகம் ஏரி எல்லாம் கடந்து விக்கிரவாண்டி வரும்போதுதான் விழிப்பார்கள். (முந்தின நாளே ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். டயர் காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பிடியுங்கள்.) ஒரே நாளில் ஊர் போய்ச் சேரலாம் என்று என் தம்பி சொல்வான். அவன் தனி ஆள். பிள்ளைகளோடு போகும்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின் இருக்கை அடங்கிவிடும். ‘இப்போதுதான் நிம்மதியாக ஓட்டலாம்’ என்று தோன்றும். அதுதான் ஆபத்தான நேரம். பேச ஆள் இல்லை, பாட்டுப் போட்டால் குழந்தை எழுந்துவிடும், இரண்டு மணி வெயில், நேர்கோட்டுச் சாலை. நமக்கே கண் செருகும். அதனால் முதல் நாள் திருச்சியோடு நிறுத்திவிடுகிறேன். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால் மூன்று பேரும் தூங்கலாம், மாலையில் பிள்ளைகள் ஓடி ஆடலாம். கிளம்புவதற்கு முன்பே விடுதியைப் பதிவு செய்து, வண்டி நிறுத்த உள்ளேயே இடம் உண்டா என்று போன் செய்து கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் ஆடம்பரம் வேண்டாம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, வாழையிலையில் கட்டியது. சின்னவனுக்குப் பொடி இல்லாமல், நெய் மட்டும். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓடும் வண்டியில் கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் எதுவும் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கினால் முதுகில் தட்ட ஆள் இல்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மகிழ்ச்சி. வாங்கி டிக்கியில் போடுங்கள்.

வாந்தி. கிளம்புவதற்கு முன் பால் கொடுக்காமல் இருந்தாலே பாதி குறைந்துவிடும். மிச்சப் பாதிக்குக் காரணம் போன் திரை. குனிந்து பார்க்கிற கண்ணுக்கும் குலுங்குகிற உடம்புக்கும் ஒத்துப்போவதில்லை. ஊர்க்காரர்கள் நாரத்தை இலையைக் கசக்கி முகரச் சொல்வார்கள், என் மகளுக்கு அது கேட்கிறது. மாத்திரை, மருந்து என்றால் குழந்தை மருத்துவரிடம் எடையைச் சொல்லி அளவு எழுதி வாங்குங்கள். மகளின் மடியில் எப்போதும் வாய் அகன்ற பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று மூடியோடு இருக்கும். பிளாஸ்டிக் பையைப் பிஞ்சுக் கையால் விரித்துப் பிடிக்க முடியாது, டப்பாவைப் பிடிக்க முடியும். மாற்று உடையை டிக்கியில் பெரிய பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு துணிப்பை, முன் இருக்கையின் கால்வைக்கும் இடத்தில். எனக்கும் ஒன்று; வாந்தி பெரும்பாலும் தூக்குகிறவர் மேல்தான் விழுகிறது.

கழிப்பறைதான் உண்மையான சோதனை. பிள்ளைகளுக்கு அவசரம் என்றால் சமாளிக்கலாம். மகன் உட்கார்ந்து போக டிக்கியில் சின்னத் தொட்டி இருக்கிறது. நமக்கு அவசரம் என்றால்? ‘இரண்டு நிமிடம்தானே’ என்று பிள்ளைகளை வண்டியில் விட்டுப் போகவே கூடாது, ஏசி ஓடிக்கொண்டிருந்தாலும். மூவரும் போக வேண்டும், மூவரும் திரும்ப வேண்டும். பெரம்பலூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் தூங்கும் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மகள் வெளியே போக மாட்டேன் என்றாள். உள்ளே நின்று கதவை முதுகால் அழுத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, பல்லியை எண்ணினாள். மூன்று. ஒரு கையால் மகனின் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுடிதார் நாடாவை அவிழ்ப்பது எப்படி என்று எந்த ஓட்டுநர் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை. இப்போதெல்லாம் பயணத்துக்கு நாடா இல்லை, எலாஸ்டிக் வைத்த கால்சட்டைதான். தாகம் எடுக்கிறதோ இல்லையோ தண்ணீர் குடியுங்கள். கழிப்பறைக்குப் பயந்து குடிக்காமல் ஓட்டினால் தலைவலி வரும்.

நிறுத்தங்களை வசதி பார்த்து முடிவு செய்யாமல் மணி பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, யாருக்கும் எதுவும் வேண்டாம் என்றாலும். குடும்பங்கள் உட்கார்ந்திருக்கிற, வெளிச்சமான உணவகமாகப் பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மரத்தடி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

டயர் வெடித்தாலோ வண்டி நின்றாலோ முதலில் நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு முடிந்தவரை இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். பிள்ளைகளை இடது பக்கமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போய் நின்று, 1033-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது. எனக்கு டயர் மாற்றத் தெரியும். ஆனாலும் பிள்ளைகளோடு இருக்கும்போது மாற்ற மாட்டேன். நான் ஜாக்கி போட்டால் அவர்கள் கையை யார் பிடிப்பது? போனில் நான் இருக்கும் இடத்தைத் தம்பி பார்த்துக்கொண்டே வருகிறான். ‘எங்கே இருக்கிறாய்’ என்று அழைக்கக் கூடாது என்பது அவனுக்கான சட்டம்.

‘எப்போது வரும்?’ என்ற கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதில், சாலையில் போகும் வண்டிகளின் எண் பலகை. TN-க்கு அடுத்து 45 பார்த்தால் திருச்சி, 67 விருதுநகர், 69 தூத்துக்குடி, 72 நெல்லை. மகள் எண்ணைப் படித்துச் சொல்வாள், மகன் வெறுமனே கத்துவான். திருச்சியில் கொள்ளிடமும் காவிரியும் கடக்கும்போது வலது பக்கம் ஸ்ரீரங்கம் கோபுரம். இரண்டாம் நாள் விடிந்ததும் கிளம்பினால் விராலிமலைப் பக்கம் மயில் தேடலாம். கயத்தாறு நெருங்கினால் காற்றாலைகள். எத்தனை சுற்றுகிறது, எத்தனை சும்மா நிற்கிறது என்று எண்ணச் சொன்னால் அரைமணி நேரம் ஓடிவிடும். கட்டபொம்மன் நினைவிடத்தில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்கிறோம். இது தவிர ஆச்சியிடம் கதை சொல்லச் சொல்லிப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். இடையிடையே ஆச்சி இருமுவதும் குக்கர் விசில் அடிப்பதும் அதில் கேட்கும். பிள்ளைகளுக்கு அந்த விசில்தான் பிடித்த இடம்.

கடைசி 40 கிலோமீட்டரில்தான் கவனம் தேவை. நெல்லை தாண்டிச் சேரன்மகாதேவி வழியாகப் போகும்போது சாலை குறுகிவிடும். மாடு, சைக்கிள், டவுன் பஸ். மலை தெரிந்ததும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாது. போன முறை மகள் ‘வந்துவிட்டோம்’ என்று தானே பெல்ட்டைக் கழற்றிவிட்டாள்; ஊர் இன்னும் எட்டு கிலோமீட்டர் இருந்தது. ஓரம் கட்டி, இறங்கிப் போய், திரும்ப மாட்டினேன். இப்போது பெல்ட்டைக் கழற்றும் உரிமை ஆச்சிக்கு மட்டும்தான். வாசலில் வண்டி நின்றபின் ஆச்சி வந்து இடது கதவைத் திறந்து, சமையல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குனிந்து சிவப்புப் பொத்தானை அழுத்தும்வரை இரண்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன.