உள்ளுணர்வா, புலனறிவா: உங்களிடம் எது முந்துகிறது?

1921-இல் வெளியிட்ட ஆளுமை வகைக் கோட்பாட்டில் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங், புலனறிவையும் (கண், காது போன்ற புலன்களுக்கு நேராகத் தெரிவது) உள்ளுணர்வையும் (அதன் பின்னால் இருப்பதை ஊகித்து உணர்வது) உலகை உள்வாங்கும் இரண்டு வழிகளாக வைத்தார். எடைபோட்டு முடிவெடுப்பது சிந்தனை, உணர்ச்சி இரண்டின் வேலை. இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, அறிமுகமில்லாத ஒரு புகைப்படத்தைப் பார்த்து, தோன்றுவதை நிறுத்தாமல் எழுதுங்கள். அப்புறம் கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். நான் எழுதினால் "இவர்களுக்குள் ஏதோ சண்டை" என்றுதான் முதல் வரி வரும். சட்டையின் நிறம் கடைசிவரை வராது. புலனறிவு முந்துபவர் நீலச் சட்டை, சாய்ந்த நாற்காலி, பாதி திறந்த கதவு என்று தொடங்குவார். ஒரே படத்தை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். வேலையில் பழகிய கண் வேறு, இயல்பு வேறு.

இனி, பின்தங்கியதைக் கூப்பிடுங்கள். என் ஊகத்தின் கீழே "எதைப் பார்த்து?" என்று எழுதி, படத்தில் சான்று தேடுவேன். திரும்பியிருக்கும் தோள், இறுகிய கை, இப்படி ஏதாவது கிடைத்தால் ஊகம் நிற்கும், இல்லையென்றால் அடித்துவிடுவேன். நீங்கள் விவரக்காரர் என்றால், "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று முன்னால் நின்றால் மற்றது பின்னால் போய்விடும் என்பது யுங்கின் கருத்து. அதனால் ஒரே மூச்சில் செய்யாமல், நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.