பகுதி சபையில் தனியார் ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்பது எப்படி?

மாநகராட்சி ஒரு பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கும்போது, துடைப்பத்தோடு அதிகாரமும் கைமாறுகிறது. 2025 ஆகஸ்டில், சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். அந்த முடிவைப் பற்றி அங்கே குடியிருப்பவர்களிடம் எவரும் வாக்கு கேட்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் பெர்ன், சூரிச், லூசெர்ன் மாநிலங்கள் 1990களில் நிர்வாகச் சீர்திருத்தத்தில் இறங்கியபோது, செலவுகளைத் தலைப்புவாரியாகப் பிரிக்காமல் துறைக்கு மொத்தத் தொகையும் எட்ட வேண்டிய இலக்கும் கொடுத்துப் பார்த்தன. செலவின் மீது மாநில மன்றத்துக்கு இருந்த பிடி தளர்ந்துவிடும் என்ற கவலை அங்கும் எழுந்தது. ஆனால் அங்கே கூட்டாட்சிச் சட்டம் ஒன்று மக்களுக்குப் பிடிக்காவிட்டால், 100 நாளில் 50,000 கையெழுத்துத் திரட்டி அதை நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். பல மாநிலங்களில் பெருஞ்செலவுகளும் மக்கள் வாக்குக்குச் செல்கின்றன. நமக்கு அந்த உரிமை இல்லை; 2022 முதல் கூடிவரும் பகுதி சபைதான், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்தான் இருக்கிறது. ஆகவே அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

கூட்டத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஒப்பந்த விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பக்கப் பதிலோடு முடித்துவிடுவார்கள். ஒப்பந்த நகல், பணம் கொடுக்கும் விதி, உங்கள் வார்டில் பிடித்த அபராதத்தின் மாதவாரிப் பதிவு என்று தனித்தனியே எழுதுங்கள்.

நகல் வந்ததும் பணம் கொடுக்கும் விதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். என் அனுபவத்தில் மற்ற பக்கங்களைவிட அதுவே அதிகம் சொல்லும். டன் கணக்கில் பணம் என்றால், லாரியில் ஏறும் ஈர மண்ணும் கட்டட இடிபாடும்கூட வருமானம். தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில் தொட்டி நிரம்பி வழிந்தாலும் அந்தக் கணக்கில் குறை தெரியாது. தெருவின் சுத்தத்துக்குப் பணம் என்றால், அதை அளப்பவர் யார், ஒப்பந்ததாரரின் ஆளா, மாநகராட்சி அலுவலரா என்று பாருங்கள்.

சபையில் கவுன்சிலரிடம் கோபத்தைக் கொட்டுவதைவிட, ‘பணம் எதற்கு, அதை அளப்பவர் யார்?’ என்ற ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்து, “சார், இதை மினிட்ஸ்ல ஏத்துங்க” என்று அலுவலரிடம் வற்புறுத்துங்கள். தீர்மானம் மாநகராட்சியைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், பதிவான கேள்வியை அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுப்பலாம். உங்களிடம் உள்ள நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.