மலைப் பள்ளிக்கு வெளிநாட்டு ஆசிரியரை வரவழைப்பது எப்படி

ஆகஸ்டில் வகுப்பெடுக்க வேண்டிய ஆசிரியருக்கான காகித வேலையைப் பிப்ரவரியிலேயே தொடங்கிவிட வேண்டும். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கத்து உறைவிடப் பள்ளி அலுவலகங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். எஸ்டேட்டுக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ ஆள் எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஒவ்வொரு காகிதமும் முந்தைய காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் வரும். விசா இருந்தால்தான் பதிவு, பதிவு இருந்தால்தான் வங்கிக் கணக்கு. ஆரம்பத்தில் ஓர் எழுத்து பிசகினால் அது கடைசிவரை கூடவே வரும்.

வேலைக்குத் தேர்ந்தவரிடம் முதலில் கேளுங்கள்: ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருக்கிறாரா? இந்திய வம்சாவளியினர் பலரிடம் இருக்கும். இருந்தால் வேலை விசாவும் வேண்டாம், வெளிநாட்டவர் பதிவும் வேண்டாம். இதைக் கேட்காமலே விசா வேலையில் இறங்கிவிடும் அலுவலகங்கள் உண்டு.

அட்டை இல்லாதவருக்கு வேலை விசா, அதாவது எம்ப்ளாய்மென்ட் விசா, வேண்டும். பெரும்பாலும் சிக்கல் வருவது சம்பளக் கணக்கில்தான். உள்துறை அமைச்சக விதிப்படி ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழி கற்பிப்பவருக்கு இந்த வரம்பு இல்லை. ஆங்கிலம் கற்பிப்பவருக்கு உண்டு. மலைப் பள்ளிகள் கையில் கொடுக்கும் சம்பளம் இந்த அளவை எட்டாமல் போகலாம். ஆனால் வளாக வீடு, சாப்பாடு போன்ற சலுகைகளையும் கணக்கில் சேர்க்க விதி இடம் தருகிறது. நிபந்தனை இதுதான்: அது வருமான வரிக் கணக்கில் வரும் சலுகையாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ரூபாய் மதிப்புப் போட்டு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். உதாரணமாக, மாதம் 95,000 ரொக்கம் என்றால் ஆண்டுக்கு 11.40 லட்சம். வீட்டுக்கு 4.20 லட்சம், உணவுக்கு 72,000 சேர்த்தால் 16.32 லட்சம். வரம்பைத் தாண்டிவிட்டது. வெறுமனே ‘இலவசத் தங்குமிடம், உணவு உண்டு’ என்று எழுதினால் அது கணக்கில் வராது, விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மதிப்பை இஷ்டத்துக்கு ஏற்றிப் போடவும் கூடாது. வருமான வரிக் கணக்கிலும் அதே தொகைதான் காட்ட வேண்டியிருக்கும்.

தகுதியுள்ள இந்தியர் நிறையப் பேர் கிடைக்கும் வேலைக்கும், எழுத்தர் வேலைக்கும் இந்த விசா தரமாட்டார்கள். ஆகவே நியமனக் கடிதத்தில் ‘ஆசிரியர்’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். எந்தப் பாடம், எந்தப் பாடத்திட்டம், அதில் அவருக்கு என்ன பயிற்சி என்பதெல்லாம் இரண்டு பத்தியில் வரட்டும். சபை ஊழியம் கலந்த பொறுப்பானால் அதற்கு மிஷனரி விசா தனியாக இருக்கிறது. வேலை விசாவில் வந்தவரைப் பிரசங்கத்துக்கு அனுப்பினால் சிக்கல் அவருக்குத்தான்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதிலும் கவனம் தேவை. சொந்த நாட்டில் விண்ணப்பிக்கலாம். வேறு நாட்டில் என்றால் அங்கே இரண்டு ஆண்டுக்கு மேல் நிரந்தரமாக வசித்திருக்க வேண்டும். தாய்லாந்தில் ஓராண்டு பாடம் நடத்திக்கொண்டிருக்கும் கனடாக்காரர் பாங்காக்கில் விண்ணப்பிக்கக் கூடாது, ஊருக்குத்தான் போக வேண்டும். அந்தப் பயணச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ‘இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் வரட்டும், இங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது நடக்காது.

பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்கச் சொல்லுங்கள். ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று மற்ற நாடுகள் ஏற்க, அந்த நாட்டு அரசு போடும் முத்திரை இது. இதற்கான பன்னாட்டு உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005இல் நடைமுறைக்கு வந்தது. கனடாவுக்கு 2024 ஜனவரியிலிருந்துதான். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவருக்குப் பட்டத்தில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு பெயரும் இருக்கும். திருமணச் சான்றிதழுக்கும் அப்போதே அப்போஸ்டில் வாங்கிவிடட்டும். சொந்த ஊர்க் காவல்துறைச் சான்றும் வேண்டும். பிள்ளைகளோடு ஒரே வளாகத்தில் வாழப்போகிறவர், இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். கணவரோ மனைவியோ சார்ந்தவருக்கான விசாவில் உடன் வரலாம், ஆனால் சம்பள வேலை செய்யக் கூடாது. ‘வந்தபின் அவருக்கும் லைப்ரரியில் ஏதாவது பார்க்கலாம்’ என்று வாய்வார்த்தை கொடுத்துவிடாதீர்கள்.

வந்து இறங்கும் நாளுக்கு வருவோம். கோவைக்கு சிங்கப்பூர், சார்ஜாவிலிருந்து நேரடி விமானம் உண்டு. கொடைக்கானலுக்கு மதுரை பக்கம். நள்ளிரவில் இறங்குபவரை அப்படியே மலையேற்ற வேண்டாம். நெடும்பயணக் களைப்போடு கொண்டை ஊசி வளைவில் ஏறினால் குமட்டல் நிச்சயம், பனிமூட்டமும் சேர்ந்தால் ஓட்டுநருக்கும் ஆபத்து. கீழே ஓர் இரவு தங்கவைத்து, விடிந்தபின் அழைத்து வாருங்கள். வண்டி வெளியூர்ப் பதிவெண் என்றால், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர 2024 மே முதல் இ-பாஸ் (ஆன்லைன் நுழைவு அனுமதி) கட்டாயம். முந்தைய நாளே எடுத்து ஓட்டுநர் கையில் கொடுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனில் சிக்னல் தேட வேண்டாம்.

அவர் தங்கும் இடத்தின் பொறுப்பாளர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கீழே தங்கிய ஹோட்டல் தன் பங்குக்குப் பதியும், மேலே வந்ததும் பள்ளி பதிய வேண்டும். விசா 180 நாளுக்கு மேற்பட்டதென்றால் இந்தியாவுக்குள் வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ., அதாவது வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகத்தில் பதிவு. இது இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் நடக்கும், கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும். நாள் கணக்கு விமான நிலைய முத்திரையிலிருந்து தொடங்குகிறது, பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அல்ல. பத்து நாள் கேரளா சுற்றிவிட்டு வேலையில் சேர்கிறேன் என்பவருக்கு மீதி நான்கே நாள்தான்.

மலையில் முகவரி ஒரு பெரிய தலைவலி. கதவு எண் இருக்காது, பங்களா பெயரோ எஸ்டேட் பெயரோதான் இருக்கும். ஒப்பந்தத்தில் ‘ஊட்டி’, வாடகைப் பத்திரத்தில் ‘உதகமண்டலம்’, மின் ரசீதில் எஸ்டேட் பெயர் மட்டும் என்று கிடந்தால், ஆவணம் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். முகவரியை ஒரே ஒரு வடிவத்தில், எழுத்துக்கூட்டல் உட்பட, ஒரு தாளில் அடித்துவைத்து எல்லாப் படிவத்திலும் அதையே போடுங்கள்.

பதிவுச் சான்று வந்தவுடன் பான், வங்கிக் கணக்கு, சிம் என்று அடுத்தடுத்து முடியுங்கள். பான் இல்லாமல் சம்பளம் போட்டால் குறைந்தது 20 சதவீதம் வரி பிடிக்க நேரும். வேலைக்கு வந்தவர் சாதாரணச் சேமிப்புக் கணக்கே தொடங்கலாம், ஆனால் சின்னக் கிளைகளில் இதில் பழக்கம் இருக்காது. பள்ளியின் சம்பளக் கணக்கு உள்ள கிளைக்கு ஒருவர் கூடப் போங்கள்.

வருங்கால வைப்பு நிதியை முன்கூட்டியே விளக்காத பள்ளிகளில்தான் முதல் மாதச் சம்பளத்தன்றே மனக்கசப்பு வருகிறது. மாதச் சம்பளத்தில் 15,000 ரூபாய் வரை மட்டும் கணக்கிட்டுப் பிடிக்கலாம் என்ற உச்சவரம்பு வெளிநாட்டுப் பணியாளருக்குக் கிடையாது. முழுச் சம்பளத்தின் மீதும் 12 சதவீதம் பிடிக்க வேண்டும், பள்ளியும் அதே அளவு போட வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா போல இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்குச் சலுகைகள் உண்டு. அமெரிக்காவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை, ஆகவே அமெரிக்கர் பொதுவாக 58 வயதுவரை பணத்தை எடுக்க முடியாது. இதை நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுப் பணியாளருக்கான இந்த வைப்பு நிதிப் பிரிவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2024இல் ரத்து செய்தது உண்மை. அதை நம்பித் தமிழ்நாட்டில் பிடித்தத்தை நிறுத்தாதீர்கள். தணிக்கையாளரைக் கேட்டே செய்யுங்கள்.

பெட்டி கட்டும் முன் அவருக்கு ஒரு பட்டியல் அனுப்புங்கள். மலை என்றதும் டிரெக்கிங் பிரியர்கள் சாட்டிலைட் போனையோ செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியையோ எடுத்து வருவார்கள். அனுமதியின்றி இரண்டுமே குற்றம்; விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கு வரை போனவர்கள் உண்டு. டிரோனும் வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் வழியாக வந்தால் அதற்கான தடுப்பூசிச் சான்று வேண்டும், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டதாக இருக்கட்டும். குரங்கும் தெருநாயும் உள்ள ஊர், வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் சொல்லிவையுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, பூட்டிக் கிடந்த பங்களாவை இரண்டு வாரம் முன்பே திறந்து, வெயில் நாளில் மெத்தையைக் காயப்போட்டு, பூஞ்சணம் பிடித்த அலமாரிகளைத் துடைத்து வையுங்கள். கணப்பின் புகைபோக்கியைச் சுத்தம் செய்து ஒருமுறை எரித்துப் பாருங்கள். குளிர் தாங்காமல் மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும். அதற்கு மணம் கிடையாது, தூங்குபவருக்குத் தெரியாது. இதை எழுதி அறைக் கதவில் ஒட்டுங்கள். மின்சார ஹீட்டர் கொடுப்பதானால் பழைய வயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

காட்டுமாடு சாதுவாகத்தான் மேயும். அதனாலேயே புதியவர் போட்டோ எடுக்கக் கிட்டப் போகிறார். தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறினால் அது எச்சரிக்கை; ஓடாமல், முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். அந்தி சாய்ந்தபின் டார்ச் இல்லாமல் வெளியே இறங்கவே கூடாது. ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியின்றி நடந்தால் வனத்துறை வழக்குப் போடும்.

விசா நீட்டிப்புக்கு ஒப்பந்தம், வரி பிடித்த சான்று, பதிவுச் சான்று மூன்றும் கேட்பார்கள். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே எடுத்துவைக்கலாம். இடையில் அவர் வேலையை விட்டால் பள்ளி உடனே எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த விசா உங்கள் பள்ளிக்கு மட்டுமே உரியது. பக்கத்துப் பள்ளியில் சேர நினைத்தாலும் நாட்டைவிட்டுப் போய்ப் புது விசாவோடுதான் திரும்பிவர வேண்டும்.