முதல் வருட அனாடமி நோட்டை எடைக்குப் போடாதீர்கள்

பி.பார்ம் (மருந்தியல் பட்டப்படிப்பு) சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் 2 செமஸ்டரில் வரும் உடற்கூறியல், உடலியங்கியல் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். 4-ஆம் செமஸ்டரில் ஃபார்மகாலஜி, அதாவது மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் தொடங்கும்போது, இதயத்துடிப்பு போன்றவற்றைத் தானாகவே இயக்கும் தானியங்கு நரம்பு மண்டலம்தான் முதலில் மிரட்டும். எந்த ஏற்பி (மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடம்) எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மருந்தை மனப்பாடம் செய்தால் நிற்காது. அதே செமஸ்டரின் மெடிசினல் கெமிஸ்ட்ரியிலும் (மருந்து வேதியியல்) இந்த நரம்பு மண்டலம் சார்ந்த அட்ரீனலின், புரோப்ரனலால் எல்லாம் வரும். ஒரு மருந்தின் செயல்பாட்டையும் வேதியமைப்பையும் ஒரே நாளில் சேர்த்துப் படியுங்கள், பாதிச் சுமை குறையும். அப்புறம், பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே அடிப்படைக் கணிதத் தாள் உண்டு. அதில் வரும் மடக்கையை (லாகரிதம்) நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் கணக்கு முழுக்க அதுதான்.