நீச்சல் குளத்தைச் சுற்றிப் புதுப்பிக்கிறீர்களா? டைல் கடைக்குக் கடைசியாகப் போங்கள்

தரைவீட்டுப் பின்புறத்தில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் அதைச் சுற்றியுள்ள இடத்தைப் புதுப்பிக்க நினைத்ததும் நேராகப் போவது டைல் கடைக்குத்தான். நிறமா, கல்லா, மரம் போன்ற தோற்றமா என்று குடும்பமே கூடிப் பேசுகிறது. மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், மின்கம்பி எந்த வழியாகப் போகும், தரைக்கு அடியில் என்ன குழாய் இருக்கிறது என்ற கேள்விகள் குத்தகையாளர் தரையை உடைக்கத் தொடங்கிய பிறகே வருகின்றன. அந்த நேரத்தில் கிடைக்கும் ஒவ்வொரு பதிலுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாததை முதலில் முடிவுசெய்தால் பெரும்பாலான தவறுகள் நடக்கவே நடக்காது.

முதலில் தண்ணீர். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் கொட்டும். குளத்தைச் சுற்றி 60 சதுர மீட்டர் தளம் இருக்கிறது என்று வையுங்கள். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தத் தளத்தில் மட்டும் 3,000 லிட்டர் தண்ணீர் விழும். அது எங்கே போகும் என்பதை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

தளம் ஒரே மட்டமாக இருந்தால் அழகு என்று பலர் சரிவே வேண்டாம் என்கிறார்கள். இது பெரிய தவறு. குளத்தின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை சரிவு வேண்டும். நடக்கும்போது அது காலுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும். சரிவு குளத்தின் பக்கம் இருந்துவிட்டால் புல்வெளியின் மண்ணும் செடிகளுக்குப் போட்ட உரமும் மழையோடு குளத்தில் இறங்கும். பாசிக்கு அதைவிட நல்ல உணவு கிடையாது. எவ்வளவு குளோரின் போட்டாலும் பச்சை திரும்பத் திரும்ப வருகிறது என்று புலம்பும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது தளத்தின் சரிவைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மழைநீர் வடிகாலுக்குப் போக வேண்டும். குளத்து நீரும், வடிகட்டியைக் கழுவி வெளியேற்றும் நீரும் கழிவுநீர்க் குழாய்க்குப் போக வேண்டும். இரண்டும் வேறு வேறு பாதைகள். எந்தக் குழாய் பக்கத்தில் இருக்கிறதோ அதில் இணைத்துவிட்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் குளோரின் கலந்த நீர் வடிகால் வழியே கால்வாய்க்கும் நீர்த்தேக்கத்துக்கும் போகும். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டால் அடைமழையில் அது நிரம்பி வழியும். புதுத் தளம் போடும் நேரத்தில் இந்த இரண்டு இணைப்புகளையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சிமெண்ட் போட்ட பிறகு பார்க்க முடியாது.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது கொசுவை விட்டுவிட முடியாது. 2020இல் இங்கே 35,000க்கும் அதிகமானவர்களுக்கு டெங்கி வந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும், தேங்கிய நீர் மிகக் கொஞ்சமாக இருந்தாலும் போதும். இப்போது பரவலாகப் போடப்படும் மெல்லிய கோடு போன்ற வடிகால் பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் அதன் அடிப்பகுதியில் சரிவு சரியாக இல்லையென்றால் உள்ளே நீர் நின்றுகொண்டே இருக்கும், மேலே நிற்பவருக்குத் தெரியாது. உயர்த்திப் போட்ட மர டெக்கின் அடிப்பகுதியும் அப்படித்தான். கருவி இல்லாமல் கையால் தூக்கிச் சுத்தம் செய்யக்கூடிய மூடிகளைக் கேளுங்கள். டெக்கில் ஓரிரண்டு பலகைகளைக் கழற்றும்படி அமைக்கச் சொல்லுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வருவார்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் கொசு முதலில் கடிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பாட்டியையும்தான்.

மேன்ஹோல் மூடியின் மேல் டைலோ டெக்கோ போட்டு மறைப்பது அடுத்த தவறு. இங்கே பல தரைவீடுகளின் பின்புறத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. வீட்டு எல்லைக்குள் இருந்தாலும் அது உங்களுடையது மட்டுமல்ல. அடைப்பு வந்தால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஆட்கள் அதைத் திறக்க முடிய வேண்டும். குழாய்க்கு மேலேயோ மிக அருகிலோ எதையாவது கட்டுவதற்கும் அனுமதி தேவை. நிழலுக்காகக் கூரை போட்ட கூடம் ஒன்றைக் குளக்கரையில் எழுப்ப விரும்பினால், அது கட்டடமாகக் கருதப்படலாம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளையும், கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகளையும் அறிந்த கட்டடக் கலைஞரிடமோ பொறியாளரிடமோ தூண் நடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

குளத்தைக் காலி செய்வதில் உள்ள ஆபத்து பலருக்குத் தெரியாது. விளிம்பில் வேலை நடக்கிறதே, தண்ணீரை எடுத்துவிடலாம் என்று தோன்றும். உள்ளே இருக்கும் நீரின் எடைதான் குளத்தைத் தரையில் அழுத்திப் பிடித்திருக்கிறது. மழைக்காலத்தில், அதுவும் நிலத்தடி நீர் மேலே இருக்கும் தாழ்வான பகுதிகளில், காலிக் குளத்தை அடியிலிருந்து நீர் மேலே தள்ளும். அடித்தளம் விரிசல் விடலாம், குளமே மேலெழும்பலாம். பொறியாளர் சரி என்று சொல்லாமல் முழுவதும் காலி செய்யாதீர்கள். பாதி நீரோடு விட்டுவைத்தாலும் வடிகட்டி ஓடாத அந்த வாரங்களில் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அந்தப் பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

விளிம்புக்கல்லுக்கும் சுற்றுத் தளத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். ரப்பர்போல் நெகிழும் பசையால் அதை அடைத்திருப்பார்கள். கோடு தெரிகிறதே என்று அதன் மேலேயே டைலை ஒட்டி, டைல் இடுக்குகளை அடைக்கும் சிமெண்ட் கலவையான கிரௌட்டால் நிரப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. குளம் தனி, தளம் தனி. வெயிலிலும் மழையிலும் இரண்டும் வெவ்வேறு அளவில் நகரும். நகர இடமில்லாதபோது டைல் வெடிக்கும், விரிசல் வழியே நீர் இறங்கி அடிமண்ணை அரிக்கும். அந்தக் கோடு இருக்கட்டும்.

இதையெல்லாம் முடித்த பிறகு டைல் கடைக்குப் போகலாம். அங்கே “ஆர்11, வழுக்காது” என்பார்கள். அந்த எண், எண்ணெய் தடவிய சரிவில் காலணியோடு நடந்து பார்க்கும் சோதனையிலிருந்து வருவது. தொழிற்கூடத்துக்கும் சமையற்கூடத்துக்கும் அது பொருத்தம். குளக்கரையில் ஈரக்காலோடு, வெறுங்காலோடு நடக்கிறோம். அதற்கென ஏ, பி, சி என்று தனி வகைப்பாடு உள்ளது. குளத்தைச் சுற்றிய தளத்துக்குப் பி, நீருக்குள் இறங்கும் படிகளுக்குச் சி கேளுங்கள். கடைக்காரரிடம் சோதனைத் தாள் இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள். வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும் வயதில் நம் வீடுகளில் யாராவது ஒருவர் இருப்பார். இந்த விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

கறுப்பு, அடர்சாம்பல் நிறங்கள் படத்தில் அருமையாக இருக்கும், ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு அதன் மேல் வெறுங்காலை வைக்க முடியாது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகளும் வெயிலில் நன்றாகச் சூடேறும். மாதிரித் துண்டை வாங்கி வந்து உங்கள் வீட்டு வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு, பிறகு வெறுங்காலால் மிதித்துப் பார்த்து முடிவெடுங்கள். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்திருந்தால் மென்மையான சுண்ணாம்புக் கற்களைத் தவிருங்கள். சிதறும் உப்புநீர் கல்லுக்குள் காய்ந்து, மேற்பரப்பை உதிர வைக்கும். கைப்பிடிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகில் 304 ரகத்தைவிட 316 ரகம் குளக்கரைக்கு ஏற்றது.

மின்சாரத்தில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. குளத்தின் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் வரை ஒரு மண்டலம், அதற்கப்பால் இன்னும் ஒன்றரை மீட்டர் வரை அடுத்த மண்டலம் என்று பிரித்து, எங்கே எந்தச் சாதனம் இருக்கலாம் என்பதை மின்தர விதிகள் வரையறுக்கின்றன. நீருக்கடியில் உள்ள விளக்குக்கு 12 வோல்ட் போதும். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கருவி கட்டாயம் வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் இதைச் செய்ய வேண்டும். தீபாவளிக்கு வண்ண விளக்குகள் போடுவீர்கள், பொங்கலுக்குப் பின்புறத்தில் உறவினர் கூடுவார்கள் என்றால் அதற்கான மின்முனைகளை இப்போதே தொலைவில், உயரமாக, மழை படாதபடி வையுங்கள். இல்லாவிட்டால் நீட்டிப்புக் கம்பி ஈரத் தரையில் கிடக்கும். நாளைக்குத் தேவைப்படலாம் என்று தளத்துக்கு அடியில் காலிக் குழாய் ஒன்றிரண்டைப் பதித்துவைப்பதற்கு அதிகச் செலவாகாது.

வேலியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கவலை வருகிறது. வேலி வைத்த வீட்டிலும் பிள்ளைகள் உள்ளே போய்விடுகிறார்கள். தளத்தை 15 சென்டிமீட்டர் உயர்த்தினால் 1.2 மீட்டர் வேலி அதே அளவுக்குக் குட்டையாகிவிடும், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேலியின் அருகே வைத்த பூந்தொட்டியும் கல் இருக்கையும் மூன்று வயதுப் பிள்ளைக்குப் படிக்கட்டுகள். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சமையலறையிலிருந்து குளம் தெரிகிறதா என்றும் நின்று பாருங்கள். புதுச் செடிவரிசை பல வீடுகளில் அந்தப் பார்வையைத்தான் மறைக்கிறது.

செடிகளில் ஒன்றே ஒன்று: முருங்கையைக் குளக்கரையில் வைக்காதீர்கள். சின்னஞ்சிறு இலையும் பூவும் நாள் முழுக்க உதிர்ந்து வடிகட்டியின் கூடையை அடைக்கும், காற்றில் கிளையும் எளிதில் ஒடியும். கறிவேப்பிலை பரவாயில்லை, கொஞ்சம் தள்ளி.

தரையை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயையும் கம்பியையும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தளம் முடிந்ததும், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், தோட்டக் குழாயைத் திறந்து தளம் முழுவதும் தண்ணீர் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எங்கெல்லாம் நீர் நிற்கிறதோ அங்கெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டு, குத்தகையாளரை அழைத்துக் காட்டுங்கள். சரிசெய்த பிறகு மறுபடியும் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.