காரின் முன் கண்ணாடியை மாற்றப் போகிறீர்களா? கண்ணாடியை விடப் பசையைக் கவனியுங்கள்

மேல்மருவத்தூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து 'டக்' என்று கண்ணாடியில் பட்டது. மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. இதற்கெல்லாமா கவலைப்படுவது என்று விட்டுவிட்டேன். சித்திரை வெயிலில் இரண்டு நாள் நின்ற பிறகு பார்த்தால், அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஓரம் வரை போயிருந்தது.

இருப்பதிலேயே குறைந்த விலை சொன்ன கடையில் கண்ணாடியை மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் வண்டி கைக்கு வந்துவிட்டது, எனக்கும் ஒரே சந்தோஷம். ஐப்பசி மழையில்தான் விஷயம் தெரிந்தது. ஓட்டுநர் காலடியில் இருந்த மேட் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. வேறொரு இடத்தில் பிரித்துப் பார்த்தபோது பசை ஒரு மூலையில் விட்டுப்போயிருந்தது. கண்ணாடி உட்காரும் தகட்டில் கத்தி கீறிய இடமெல்லாம் துரு. கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. ஒட்டிய விதம்தான் தப்பு.

அதனால் அடுத்த முறை மச்சான் வண்டிக்கு மாற்றியபோது வேலை முடியும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அன்று பார்த்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். நீங்களே மாற்றுவதற்கு அல்ல. மாற்றுகிறவர் பக்கத்தில் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு.

படி 1: மாற்றத்தான் வேண்டுமா?

கல் பட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் புள்ளியின் மேல் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டுவது. தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் இருந்தால்தான் ரெசின் என்ற பிசினை ஏற்றிச் சரிசெய்ய முடியும். முன் கண்ணாடி என்பது ஒரே கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. கல் பெரும்பாலும் வெளித்தகட்டை மட்டும்தான் உடைக்கும். அந்தக் குழியில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ரெசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கில் காயவைப்பார்கள். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. தழும்பு லேசாகத் தெரியும், ஆனால் விரிசல் பரவாது.

காயம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக, ஓட்டுநர் பார்வைக்கு நேராக இல்லாமல், ஓரத்திலிருந்து தள்ளி இருந்தால் ரெசினே போதும். ஓரத்தைத் தொட்ட விரிசல் என்றால் யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதுவரை, வெயிலில் கொதித்த கண்ணாடியில் ஏசியை முழு வேகத்தில் திருப்பிவிடாதீர்கள், பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

படி 2: இன்சூரன்ஸ் கணக்கு

முழு இன்சூரன்ஸ் இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழிப்பது போல இதில் கிடையாது. கட்டாயக் கழிவு, அதாவது கிளைமில் நாமே ஏற்க வேண்டிய தொகை, மட்டும் உண்டு: 1500 சிசி வரை உள்ள கார்களுக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. பசை, பிரைமர் (பசை நன்றாகப் பிடிக்க முதலில் பூசும் பூச்சு) போன்றவற்றுக்கான செலவை, அதற்கென்று தனியாக ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) எடுத்திருந்தால் தவிர, நம் தலையில் கட்டுவார்கள்.

இதைக் கேட்டதும் கிளைம் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். போனஸ் கழிப்பதற்கு முன் பிரீமியத்தில் உங்கள் வண்டியின் சேதத்துக்கான பங்கு 8000 ரூபாய், இப்போது 50 சதவீதம் போனஸ் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு 4000 கட்ட வேண்டிய இடத்தில் முழு 8000. அப்புறம் போனஸ் 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறி மறுபடி 50-ஐத் தொடும் வரை கூடுதலாகக் கட்டுவதைக் கூட்டினால் 10,000 ரூபாய் வருகிறது. வண்டி மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் நிஜத்தில் கொஞ்சம் கம்மியாக இருக்கும். சின்ன காரின் கண்ணாடிக்கு இது நஷ்டக் கணக்காகவும் ஆகலாம். கேமரா வைத்த விலை உயர்ந்த கண்ணாடி என்றால் கிளைம்தான் சரி. போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் இருந்தால் இந்தக் கவலையே இல்லை, பாலிசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கிளைம் போடுவதாக முடிவு செய்தால், பழைய கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். கழற்றிய பிறகு, சேதத்தைப் பார்க்க வரும் சர்வேயருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

படி 3: சரியான கண்ணாடி

"ஸ்விஃப்ட் கண்ணாடி" என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். ஒரே மாடலில் மழை சென்சார் உள்ளது, இல்லாதது, மேலே நிறப்பட்டை உள்ளது, கேமராவுக்கு இடம் விட்டது என்று பல வகை உண்டு. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் குழப்பம் வராது.

கண்ணாடி வந்ததும் கீழ் மூலையில் உள்ள சின்ன முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. குறியும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்க வேண்டும். லேமினேட்டட் (நடுவில் படலம் வைத்தது) என்றும் போட்டிருக்கும். செயின்ட்-கோபெய்ன் செக்யூரிட், ஆசாஹி இரண்டும் இங்கே அதிகம் கிடைக்கும் பெயர்கள். கார் கம்பெனி முத்திரை இல்லாத அதே தயாரிப்பாளரின் கண்ணாடி பல நேரம் விலை குறைவாகக் கிடைக்கும். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. பழைய வண்டியிலிருந்து கழற்றிய கண்ணாடி மட்டும் வேண்டாம்.

பொருத்துவதற்கு முன் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, அதன் வழியே தூரத்தில் உள்ள கம்பத்தையோ கதவுச் சட்டத்தையோ பாருங்கள். தலையை இப்படியும் அப்படியும் அசைக்கும்போது நேர்கோடு அலை போல வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரவில் ஓட்டும்போது தலைவலி தரும் கண்ணாடி அது.

படி 4: பசையைப் பற்றிக் கேளுங்கள்

அந்தக் காலத்து அம்பாசிடரில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில்தான் உட்கார்ந்திருக்கும். பீடிங்கின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, கண்ணாடியை வைத்து, உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க இழுக்க ரப்பர் தகட்டின் மேல் ஏறிக்கொள்ளும். பார்க்கவே அழகான வேலை. இன்றைய கார்களில் அப்படி இல்லை, கண்ணாடி பாடியோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அது பாடியின் ஒரு பாகம். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் பயணி பக்கத்து ஏர்பேக் முதலில் கண்ணாடியில் மோதித்தான் ஆளின் பக்கம் திரும்பும். பசை பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியையும் தள்ளிக்கொண்டு ஏர்பேக் வெளியே போய்விடும்.

எனவே கடையில் விலை பேசுவதற்கு முன்பே, "அண்ணே, என்ன பசை போடுறீங்க?" என்று கேளுங்கள். பாலியூரித்தேன் என்ற பதில் வர வேண்டும், பேச்சில் பி.யூ. என்பார்கள். சிலிக்கான் என்றால் அப்படியே கிளம்பிவிடுங்கள். அது குளியலறை ஓட்டை அடைப்பதற்கு. பி.யூ. பாக்கெட்டில் காலாவதி தேதி இருக்கும், வாங்கிப் பாருங்கள். பிரைமர் போடுவீர்களா, எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்றும் கேளுங்கள். "உடனே எடுத்துட்டுப் போலாம் சார்" என்பதுதான் எனக்கு முதல் கடையில் கிடைத்த பதில்.

படி 5: வேலை நடக்கும்போது

நிழலும் கூரையும் உள்ள இடமாக இருக்க வேண்டும். வீட்டுக்கே வந்து மாற்றித் தருவதாகச் சொன்னாலும், மழை மேகத்தைப் பார்த்தால் வேலையை வேறு நாளுக்குத் தள்ளிப்போடுங்கள்.

வைப்பர் கைகள், அதன் கீழுள்ள பிளாஸ்டிக் மூடி, உள்ளே கண்ணாடியின் இரு பக்கமும் உள்ள பில்லர் மூடிகள், பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக் கண்ணாடி எல்லாவற்றையும் முதலில் கழற்றுவார்கள். டேஷ்போர்டையும் பானெட்டையும் துணி போட்டு மூடச் சொல்லுங்கள். பிறகு பழைய பசையை அறுப்பார்கள். மச்சான் வண்டிக்கு மெல்லிய கம்பியைப் பசைக்குள் குத்தி நுழைத்து, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருந்து மரம் அறுப்பது போல மாறி மாறி இழுத்தார்கள். கத்தியை விட இதில் தகட்டில் கீறல் குறைவு.

கண்ணாடி போன பிறகு தகட்டில் பழைய பசை கறுப்பாக ஒட்டியிருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை முழுக்கச் சுரண்டச் சொல்வார்கள், நானும் சொன்னேன். வேலை செய்த பெரியவர் சிரித்தார். "தம்பி, பசைக்குப் பசைதான் நல்லா பிடிக்கும். ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் விட்டுட்டு சீவணும். தகடு வரைக்கும் போனா பெயிண்ட் போயிடும், அப்புறம் துருதான்." தப்பித்தவறி கீறல் விழுந்த இடங்களில் கறுப்புப் பிரைமரைத் தொட்டு வைத்துக் காயவிட்டார். என் வண்டியில் விட்டுப்போனது இந்த இரண்டு நிமிட வேலைதான்.

புதுக் கண்ணாடியின் ஓரத்தில் உள்ள கறுப்புப் பட்டை அழகுக்கு அல்ல. வெயில் பசையை அரிக்காமல் மறைப்பது அதுதான். அந்தப் பட்டையைத் துடைத்து, பிரைமர் பூசி, அது காயும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது, கை எண்ணெய் பட்டால் பசை பிடிக்காது. பசை வைக்கும் குழாயின் நுனியை 'வி' வடிவில் வெட்டியிருப்பார்கள். அதனால் பசை முக்கோணமாக, கூரை முகடு போல நிற்கும். அந்த முகடு சுற்றிலும் ஒரே உயரத்தில், எங்கும் அறுபடாமல் போக வேண்டும். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூட வேண்டும். உங்கள் கண் இருக்க வேண்டிய இடம் இதுதான்.

பசை வைத்ததும் டீ குடிக்கப் போகக் கூடாது. சில நிமிடங்களில் மேலே தோல் கட்டத் தொடங்கிவிடும். உறிஞ்சு கப் வைத்து இரண்டு பேர் தூக்கி ஒரே முறையில் உட்கார வைப்பார்கள். வைத்த பிறகு இழுத்து நகர்த்தினால் முகடு கலைந்துவிடும். நான்கு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டேப் ஒட்டுவார்கள்.

படி 6: காத்திருங்கள்

பி.யூ. பசை காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். எவ்வளவு நேரம் கழித்து வண்டியை ஓட்டலாம் என்பது பசைக்குப் பசை மாறும்: சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்குப் பல மணி நேரம். பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். வண்டியை எடுக்கலாம் என்றால் முழுக்க இறுகிவிட்டது என்று பொருள் இல்லை. முதல் நாள் ஒரு ஜன்னலை விரலளவு இறக்கி வையுங்கள், கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். எல்லா ஜன்னலும் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்ளே இருக்கும் காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். டேப் ஒரு நாள் இருக்கட்டும். பிரஷர் வாஷ் இரண்டு நாள் வேண்டாம்.

மறுநாள் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். மேல் மூலைகளையும், காலடி மேட்டுக்கு அடியில் உள்ள கம்பளத்தையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் விசில் போல காற்றுச் சத்தம் வந்தாலும் திரும்பக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

படி 7: மறந்துபோகும் வேலைகள்

கண்ணாடியில் கேமரா உள்ள வண்டிகளில், தானாக பிரேக் போடும் வசதி, கோடு தாண்டினால் எச்சரிக்கும் வசதி எல்லாம் அந்தக் கேமராவை நம்பித்தான் இருக்கின்றன. கண்ணாடி மாறினால் அதை மறுபடி அளவுசெய்து பொருத்த வேண்டும். அந்தக் கருவி எல்லாக் கடையிலும் இருக்காது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வைப்பர் ரப்பரில் ஒட்டியிருக்கும் மணல் புதுக் கண்ணாடியைக் கீறிவிடும், அதையும் சேர்த்து மாற்றுங்கள். சும்மா ஒட்டித் தருகிறேன் என்று சன் ஃபிலிம் நீட்டினால் வாங்காதீர்கள். 2012-இல் உச்ச நீதிமன்றமே கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது.

ஃபாஸ்டேக் உரித்தால் கிழிந்துவிடும், வேறு கண்ணாடியில் வேலை செய்யாது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே அதே வங்கியில் மாற்று டேக் கேட்டுவிடுங்கள், பழைய கணக்கில் உள்ள பணம் அப்படியே இருக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். பெட்ரோலுக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அதுதான் வண்டியின் மூன்றாவது நம்பர் பிளேட். பழைய கண்ணாடியோடு அதுவும் குப்பைக்குப் போய்விடும். மச்சான் வண்டியில் இதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். வாகன சோதனையில் நிறுத்திக் கேட்ட பிறகுதான் புதிதாக விண்ணப்பித்தோம்.