காகிதத்தில் ஒப்பந்தக்காரர், களத்தில் கொத்தனார்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசுப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டும் வேலை. மேஸ்திரி சொன்ன நேரத்துக்கு வந்து சுவர் கட்டினேன். கரண்டி, ரசமட்டம் எல்லாம் கட்டுமான நிறுவனத்துடையது. காகிதத்தில் மட்டும் நான் 'சுயதொழில் ஒப்பந்தக்காரர்'. ஆகவே விடுப்புச் சம்பளமும் கிடையாது, யூஐஎஃப் என்ற வேலையிழப்புக் காப்பீடும் கிடையாது. நல்ல தந்திரம்!

வேலை நிபந்தனைச் சட்டத்தின் 83ஏ பிரிவு கைகொடுத்தது. வருமான வரம்புக்குள் இருப்பவரின் வேலையை இன்னொருவர் கட்டுப்படுத்தினாலோ, கருவி கொடுத்தாலோ, அவரைத் தொழிலாளியாகவே கருத வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது முதலாளி பாடு. வருகைப் பதிவேட்டின் படங்கள், மேஸ்திரியின் வாட்ஸ்அப் உத்தரவுகள் எல்லாம் சேர்த்து தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ என்ற அமைப்பில் மனு போட்டேன். கட்டணம் இல்லை. சமரசப் பேச்சிலேயே விடுப்புப் பணத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.

யூஐஎஃப் பாக்கிக்கு, அதாவது சம்பளத்தில் இரு தரப்பும் தலா 1 சதவீதம், தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் தனியாகப் புகார் கொடுத்தேன். அப்புறம்தான் அதையும் கட்டினார்கள்.